நான் வாசிக்க மறுத்த கடிதம்

எல்லை காட்டிய அன்று புளியங்குளத்துக் காணியில் நின்றவர்கள் ஏழு பேர். காணிச் சொந்தக்காரியின் தம்பி கனகர், தனக்காகக் காணியை விற்கும்படி கனடாவில் இருக்கும் அக்கா எழுதிக் கொடுத்த அற்றோனித் தத்துவத்தைப் பிளாஸ்திக் உறைக்குள் போட்டு மார்போடு அணைத்தபடி நின்றார். காணி வாங்க வந்தவர் ஓமந்தை ரவீந்திரன் மாஸ்டர். அவரோடு நில அளவையாளர், பக்கத்துக் காணிக்காரர் இரண்டு பேர், எங்கள் காணித் தரகுக் கந்தோரை நடத்தும் ராஜினி மிஸ், நான்.

வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் வடக்கு எல்லைக்காரர். அவர் சுவிஸில் இருந்ததால் சம்மதக் கடிதம் மட்டும் வந்திருந்தது. மற்றவர் பாக்கியம் அக்கா. அவர் தூரத்தில் இல்லை. அந்தக் காணிக்குள்ளேயே, கிணற்றுக்கு அந்தப் பக்கம், தகரக் கூரை போட்ட வீட்டில் எங்கள் ஏழு பேருக்கும் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். இருபத்தெட்டு வருடமாக அந்த இரண்டு ஏக்கரையும் பார்த்து வந்தவர் அவர். எந்த எல்லைக்கல் பழையது, எது வெள்ளத்தில் சரிந்து பிறகு நட்டது என்று அங்கே சரியாகச் சொல்லக்கூடியவரும் அவர்தான். ஆனாலும் அவரைக் கூப்பிடவில்லை. காணியில் குடியிருப்பவரைக் கொண்டு எல்லை காட்டுவித்தால், "என்னைக் கேட்டுத்தான் அளந்தவை" என்று அவர் நாளைக்கு நீதிமன்றத்தில் சொல்லலாம். எங்கள் கந்தோரில் அதற்கு இடம் வைப்பதில்லை.

அந்தத் தேத்தண்ணி ஆறுவதற்கிடையில் பாக்கியம் அக்காவின் வீடு அவருடைய கையை விட்டுப் போயிற்று. போகவைத்தவன் நான். அதைச் சொல்ல, நான் எப்படித் தரகன் ஆனேன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தரகர்களுக்கு இனிப் பயிற்சி வகுப்பு, பரீட்சை எல்லாம் வரப்போகிறது என்று வவுனியாவில் ஒரு கதை உலாவுகிறது. அதற்கு முந்தி லைசன்ஸ் எடுத்துவிட நினைக்கும் தம்பிமார் சிலர் எனக்குச் செய்தி அனுப்புகிறார்கள். "அண்ணை, என்னென்ன கடதாசி வேணும்? எத்தனை மாதம் செல்லும்?" ஏழு வருடம் செய்த தொழிலை முப்பத்திநான்கு வயதில் விட்டுவிட்டு, ஓய்வு பெற்றவர் மாதிரி அனுபவம் எழுதுவது சிரிப்புக்குரியதுதான். இப்போது நான் செட்டிகுளத்தில் ஒரு அரிசி ஆலையில் நெல் நிறுத்து எடுக்கிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் எழுதியிருக்கிறேன். ஆனால் எல்லாப் பதிலிலும் ஒரே விசயத்தை விட்டுவிடுகிறேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

கடதாசிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் விண்ணப்பித்த காலத்தில் எங்கள் பிரதேச செயலகத்தில் கேட்டவை: பிறப்புச் சான்றிதழ், கிராம அலுவலரின் நற்சான்று, பொலிஸ் அறிக்கை, அசையாச் சொத்து உள்ள இரண்டு பேரின் சிபாரிசு. கடைசியாகச் சொன்னதுதான் என்னை நான்கு மாதம் அலைய வைத்தது.

நாங்கள் மலையகத்திலிருந்து வந்த ஆட்கள். கலவரத்துக்குப் பயந்து தேயிலைத் தோட்டத்தை விட்டு, கையில் ஒரு துணிமூட்டையோடு செட்டிகுளம் பக்கம் வந்திறங்கியவர் என் தாத்தா. அப்பாவுக்குக் கையெழுத்து வராது. அம்மாவுக்குப் பேருந்தின் பெயர்ப்பலகை வாசிக்க வராது, நிறம் பார்த்துத்தான் ஏறுவார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எட்டு வயதிலிருந்தே எங்கள் குடியிருப்புக்கு நான்தான் வாசிப்பவன். ஆஸ்பத்திரித் துண்டு, நிவாரண அட்டை, இந்தியாவுக்குப் போன சொந்தக்காரர் எழுதும் கடிதம், எல்லாம் எங்கள் வீட்டுக்கு வரும். போரால் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த மாதங்களில் ஒலிபெருக்கியில் சொல்வதை விடவும் அறிவித்தல் பலகையில் நான் வாசித்துச் சொல்வதைத்தான் சனங்கள் நம்பினார்கள்.

அப்படி நம்பிய சனங்களில் ஒருவராலும் எனக்குச் சிபாரிசுக் கையெழுத்து வைக்க முடியவில்லை. ஒருவரிடமும் காணி உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், இல்லை. நாற்பது வருடம் குடியிருந்த நிலத்துக்கு அனுமதிப்பத்திரம் கூட இல்லாதவர்களே அதிகம். எனவே வெளியே போய்க் கேட்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூட அதிபர் ஒருவர் இரண்டு வாரம் யோசித்துவிட்டு, தன் வீட்டு உறுதி இலக்கத்தை மட்டும் எழுதாமல் விட்டு ஒப்பம் வைத்தார். அது செல்லாது என்று திரும்பி வந்தது. மறுபடி போனேன். இலக்கத்தை எழுதிவிட்டு, அதே கையோடு காணிப் பதிவகத்துக்குப் போய்த் தன் காணியின் பதிவேடான தோம்பில் ஏதும் ஏறியிருக்கிறதா என்று பார்த்தாராம். இரண்டாவது ஆள் ஒரு பலசரக்குக் கடைக்காரர். என் அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லி, கடைக்கு முன்னால் என்னைப் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் பேனையைத் தொட்டார். "குறை நினையாதையும் தம்பி, தரகர் எண்டால் என்ர பெண்சாதிக்கே பயம்" என்றார்.

பொலிஸிலிருந்து விசாரிக்க வந்த அன்று நான் வீட்டில் இல்லை. என்ன வேலைக்கு விசாரணை என்று அவர்கள் சொல்லியும் அம்மாவுக்குப் பிடிபடவில்லை. நான் எதையோ திருடிவிட்டேன் என்று நினைத்து, பக்கத்து வீட்டாரிடம் என் பள்ளிக்கூடச் சான்றிதழ்களைக் கொடுத்து ஒளித்து வைத்திருந்தார்.

கடைசியில் நேர்முகம். காணி உத்தியோகத்தர் என் விண்ணப்பத்தைப் பின்பக்கத்திலிருந்து வாசித்தார். அப்படி வாசிப்பவரை அதற்கு முன் நான் கண்டதில்லை. முதல் பக்கத்துக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"உம்மட பேரில காணி இருக்கா?"

இல்லை என்றேன்.

"தகப்பன்ர பேரில?"

அதுவும் இல்லை.

"ஒரு துண்டு காணியும் இல்லாத ஆளுக்குக் காணியின்ர பெறுமதி எப்பிடித் தெரியும்?"

"இல்லாத ஆளுக்குத்தான் சேர் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. விண்ணப்பத்தின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதினார். அது என்னவென்று கடைசி வரை தெரியாது. மூன்று கிழமையில் அனுமதிப்பத்திரம் வந்தது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அப்பா அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

ராஜினி மிஸ் என்னை வேலைக்கு எடுத்தது என் லைசன்ஸுக்காகத்தான். முன்பு உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் எழுதுவினைஞராக இருந்தவர் அவர். நாற்பது வயது இருக்கும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் கந்தோர் வைத்திருந்தார். இரண்டு கதிரை, ஒரு இரும்பு அலுமாரி. அலுமாரித் திறப்பு எப்போதும் அவருடைய கைப்பைக்குள்தான் இருக்கும். ஏழு வருடத்தில் ஒரு நாளும் அது என் கைக்கு வந்ததில்லை. நான் மாலையில் வீட்டுக்குப் போகும்போது பையைத் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும். முதல் கிழமை அவமானமாக இருந்தது. பிறகு நானே திறந்து பிடித்துக்கொண்டு போகப் பழகிவிட்டேன்.

அவர் ஒருவரையும் நம்பாததற்கு முறைகள் இருந்தன. உறுதியைக் கையில் வாங்கியதும் முதலில் வாசிக்க மாட்டார். யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். பிறகு பின்பக்கத்து முத்திரையின் மை ஊறியிருக்கிறதா என்று நகத்தால் தடவுவார். ஒரே கேள்வியை வந்தவுடன் ஒரு தரம், தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு தரம், படி இறங்கும்போது ஒரு தரம் கேட்பார். மூன்று பதிலும் ஒரு சொல் கூட மாறாமல் ஒன்றாக இருந்தால் சந்தேகப்படுவார். "மனுசர் எண்டால் கொஞ்சம் மாறிச் சொல்லுவினம். மாறாமல் சொல்லுறவை பாடமாக்கிக்கொண்டு வந்தவை." அவர் பிடித்த கள்ள உறுதிகள் எத்தனையோ. செத்துப்போனவரின் கையெழுத்தோடு வந்த ஒரு அற்றோனித் தத்துவத்தை, அதில் இருந்த ஒரு சாட்சியின் முகவரியை வைத்தே பிடித்தார். வன்னியில் காணிச் சண்டை எவ்வளவு கொடியது என்று தெரிந்தவர்கள் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். ஒரே காணிக்கு மூன்று பேர் உறுதி காட்டுவார்கள். எரிந்த பதிவேடு, இடம்பெயர்ந்தபோது தொலைந்த பத்திரம், வெளிநாட்டிலிருக்கும் அண்ணன், இங்கே இருக்கும் தம்பி.

அவருடைய முறைகளில் இரண்டை மட்டும் இங்கே விளக்க வேண்டும்.

முதலாவது, நாங்கள் 'இருப்புக் கடிதம்' என்று சொல்வது. காணியில் ஒருவர் பத்து வருடத்துக்கு மேல் ஒருவருடைய தடையும் இல்லாமல் இருந்தால் ஆட்சி உரிமை கேட்டு வழக்கு வைக்கலாம். எனவே விற்பனைக்கு முன், இருப்பவரிடம் ஒரு கடிதம் வாங்குவோம். 'நான் சொந்தக்காரரின் அனுமதியோடுதான் இருக்கிறேன், எனக்கு எந்த உரிமையும் இல்லை, கேட்டதும் எழும்புவேன்.' வாங்குபவருக்கு அது பெரிய நிம்மதி.

இரண்டாவது, இருப்பவர் நீட்டும் எந்தக் கடதாசியையும் வாசிக்கக் கூடாது. மிஸ் இதைச் சொல்லும்போது சுட்டுவிரலால் மேசையில் தட்டுவார். "வாசிச்சால் உமக்குத் தெரியும் எண்டாகிவிடும். தெரிஞ்சால் வாங்கிறவருக்குச் சொல்ல வேணும். சொல்லாட்டில் லைசன்ஸ் போகும், சொன்னால் காணி விலைப்படாது. கையை நீட்டாதையும். கண்ணைக் கொண்டுபோகாதையும்." தெரியாமல் வாங்கியவரை நீதிமன்றம் காப்பாற்றும். அவரைத் தெரியாதவராகவே வைத்திருப்பது எங்கள் வேலை.

அதைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நல்ல யோசனை என்றுதான் குறிப்புக் கொப்பியில் எழுதினேன்.

புளியங்குளத்துக் காணி வரும்போது எனக்கு ஆறு வருட அனுபவம். காணிச் சொந்தக்காரி விமலா அக்கா கனடாவிலிருந்து தம்பிக்கு அற்றோனி எழுதியிருந்தார். மிஸ் அதை மூன்று தரம் சோதித்தார். நல்ல உறுதி, சுத்தமான தோம்பு. ஒரே சிக்கல் காணிக்குள் இருந்த அந்தத் தகரக் கூரை வீடு.

முதல் தரம் பார்க்கப் போனபோதே பாக்கியம் அக்கா எங்களுக்கு நல்ல தேத்தண்ணி தந்தார், இஞ்சி தட்டிப் போட்டது. திரும்பி வரும் வழியில் மிஸ் சொன்னார், "கவனம் தம்பி. உபசரிக்கிறவை எதையோ வைச்சிருப்பினம்." நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தளவுக்கு அந்தத் தொழில் என் மூக்குக்குள்ளேயே ஏறியிருந்தது. இஞ்சி வாசத்திலும் ஒரு வழக்கு மணத்தது.

இரண்டாம் தரம் தனியே போனேன். கதைத்துக்கொண்டிருக்கும்போது என் வாயில் மலையகத்து "ஆமாங்க" வந்துவிட்டது. கந்தோரில் நான் "ஓம்" தவிர வேறு சொல்வதில்லை. பாக்கியம் அக்கா பிடித்துக்கொண்டார்.

"நீங்க நம்ம ஆளா தம்பி? எந்தப் பக்கம்?"

சொன்னேன். தாத்தாவின் தோட்டத்தின் பெயர் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. தானும் அதற்குப் பக்கத்துத் தோட்டம்தானாம். புருசன் செத்த பிறகு, வயிற்றில் ஒரு பிள்ளையோடு விமலா அக்கா வீட்டுக்கு வேலைக்கு வந்தவராம். அந்தக் குடும்பம் வெளிநாடு போன பிறகு, காணியைப் பார்த்துக்கொள் என்று விட்டார்களாம். இரண்டு தரம் இடம்பெயர்ந்து போய், இரண்டு தரமும் முதல் ஆளாகத் திரும்பி வந்து கிணற்றை இறைத்து, கல்லைத் தேடி நட்டு, ஐந்து தென்னை வைத்திருந்தார். மகளைக் கட்டிக் கொடுத்தும் இந்த வீட்டை விட்டு அவர் போகவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவையும் ஏன் எனக்குச் சொல்கிறார் என்றுதான் உள்ளே யோசனை ஓடியது.

எல்லை காட்டிய அன்றுதான் இருப்புக் கடிதமும் வாங்க வேண்டியிருந்தது. அளவையாளர் தெற்கு மூலையில் சங்கிலி பிடித்துக்கொண்டிருந்தார். மிஸ் எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் மைப்பெட்டியோடு, அவர் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த குசினி வாசலுக்குப் போனேன்.

பாக்கியம் அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஒரு சொப்பிங் பையைக் கொண்டுவந்தார். மூன்று பைகள், ஒன்றுக்குள் ஒன்று. கடைசிப் பைக்குள்ளே நான்காக மடித்த ஒரு கோடு போட்ட தாள்.

"தம்பி, விமலாம்மா இங்க வந்துட்டுப் போறப்ப எழுதிக் குடுத்தது. காணி விக்கிற அன்னைக்குக் காட்டணும்னு சொன்னாங்க. அந்த ஐயாகிட்டக் குடுக்க மனசு வரல்ல. நீங்க படிச்சு சொல்லுங்க."

அவர் கனகரைத்தான் கண்ணால் காட்டினார்.

தாளின் வெளிப்பக்கத்தில் நீல மை தெரிந்தது. எழுத்துகளின் முதுகு தெரிந்தது. நான் கண்ணை எடுத்து, அடுப்பைப் பார்த்தேன். என் மூளைக்குள் மூன்று கேள்விகள் ஓடின. இவ்வளவு நாளும் காட்டாமல் இன்றைக்கு ஏன் காட்டுகிறார்? கனகருக்கு ஏன் காட்டவில்லை? என்னை நம்ம ஆள் என்று சொன்னது இதற்காகத்தானா?

"அக்கா, நான் இதை வாசிக்கக் கூடாது. சட்டம் அப்பிடி. பிறகு ஆறுதலாய்க் கனகர் ஐயாவிட்டக் குடுங்கோ."

அவரோடு நான் அந்த நேரத்தில் கந்தோர்த் தமிழில் கதைத்தேன். அவர் அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

"உங்களுக்குப் படிக்கத் தெரியும்தானே தம்பி?"

"தெரியும். ஆனால் இப்ப ஏலாது."

பிறகு நான் கொண்டுபோன இருப்புக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். முறைப்படி, ஒரு சொல்லும் விடாமல். 'மேற்படி ஆதனத்தில் யாதொரு உரித்தும் கோரேன்' என்ற வரியை அவர் விளங்கிக்கொண்டாரா என்று நான் கேட்கவில்லை. கேட்பது முறையில் இல்லை. பெருவிரலை நானே பிடித்து மையில் அழுத்தினேன். மரவள்ளி தோண்டி வெடித்த விரல், ரேகை சரியாக விழவில்லை. இரண்டாம் தரமும் அழுத்தினேன். அவர் மற்றக் கையில் அந்த மடித்த தாளைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

பிறகு ஏழு பேருக்கும் தேத்தண்ணி வந்தது. நாங்கள் குடித்தோம்.

விற்பனை சுத்தமாக முடிந்தது. மிஸ் முதல் தரமாக என்னைப் புகழ்ந்தார்.

மூன்றாம் மாதம் ஒரு திங்கட்கிழமை பாக்கியம் அக்கா கந்தோருக்கு வந்தார். புளியங்குளத்திலிருந்து பஸ் ஏறி, தெருவில் விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். மிஸ் பதிவகத்துக்குப் போயிருந்தார். ரவீந்திரன் மாஸ்டர் வேலிக்குக் கட்டை இறக்கிவிட்டாராம். மாத முடிவுக்குள் எழும்பச் சொல்கிறாராம். அவர் கோபக்காரர் இல்லை, மரியாதையாகத்தான் சொன்னார், அந்தப் பெருவிரல் அடையாளம் இருக்கும் கடிதத்தைக் காட்டித்தான் சொன்னார் என்றார் அக்கா. கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை. சொப்பிங் பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தாளை மேசையில் வைத்தார்.

"இப்ப படிக்கலாமா?"

வாசித்தேன். பதினொரு வரி. பெரிய எழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவது போல. விமலா அக்கா தன் தம்பிக்கு எழுதியிருந்தார்: கனகு, இந்தக் காணியை எப்போது விற்றாலும் பாக்கியத்தின் வீடும் கிணற்றுப் பாதையும் சேர்த்துக் கால் ஏக்கர் பிரித்து அவளுக்கு எழுதிவிட்டு மிச்சத்தை விற்கவும். அவளிடம் காசு வாங்க வேண்டாம். எனக்கு இதை ஞாபகப்படுத்த அவள் கூச்சப்படுவாள், அதனால் எழுதிக் கொடுக்கிறேன். கீழே ஒப்பம்.

சத்தமாகத்தான் வாசித்தேன். எட்டு வயதில் எப்படி வாசிப்பேனோ அப்படி, விரலை வரியின் கீழே வைத்து. முடிந்ததும் பாக்கியம் அக்கா அந்தத் தாளைத் திரும்ப மடித்தார், பழைய மடிப்பிலேயே. அவருக்கு அதில் இருப்பது ஏற்கெனவே தெரியும். விமலா அக்கா வாயாலும் சொல்லியிருந்தாராம். எழுத்தில் அதுதான் இருக்கிறதா என்று மட்டும்தான் தெரியாது. அதைத்தான் என்னிடம் கேட்டார்.

அன்று மாலை கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். விமலா அக்கா முதலில் நம்பவில்லை. காணி விற்று மூன்று மாதம் கழித்துத் தரகன் ஒருவன் கடிதம் இருக்கிறது என்று எடுத்தால் யார்தான் நம்புவார்? "நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து எழுதினனீங்களோ?" என்றே கேட்டார். படம் பிடித்து அனுப்பினேன். பிறகு அவரே எடுத்தார்.

"என்ர எழுத்துத்தான். பாக்கியம் மகளிட்டப் போறா, வீடு வேண்டாமாம் எண்டு எனக்குச் சொன்னவை. நீர் அப்ப அங்கதானே நிண்டனீர்?"

"ஓம் அக்கா."

"அண்டைக்கு ஒருக்கா எனக்கு எடுத்திருக்கலாமே."

கனகரிடமும் போனேன். தனக்கு ஒருவரும் ஒரு கடதாசியும் காட்டவில்லை, காட்டியிருந்தால் அக்காவின் சொல்லை மீறியிருக்க மாட்டேன் என்றார். மூன்று தரம் கேட்டேன், மிஸ் கேட்பது போல இடைவெளி விட்டு. மூன்று தரமும் ஒரே சொற்களில் சொன்னார். அவர் சொன்னது உண்மையோ பொய்யோ இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவருக்குப் பொய் சொல்லும் தேவையே இல்லாமல் செய்துவிட்டவன் நான்.

சட்டத்தரணி ஒருவரைக் கேட்டேன். கடிதத்தால் காணி மாறாது, உறுதி வேண்டும். இருபத்தெட்டு வருட ஆட்சியை வைத்து வழக்கு வைத்திருக்கலாம். இப்போது முடியாது, அந்தப் பெருவிரல் அடையாளம் இருக்கிறது. "நல்ல இறுக்கமாய் எழுதியிருக்கு, ஆர் எழுதினது?" என்று கேட்டார்.

மிச்சம் இருந்த ஒரே வழி ரவீந்திரன் மாஸ்டரிடம் கால் ஏக்கரைத் திரும்ப வாங்குவது. அவர் என்னை வீட்டுப் படலைக்கு வெளியே நிற்க வைத்துக் கதைத்தார். இதில் எனக்கு இன்னொரு கொமிசன் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் உமக்கு என்ன லாபம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அதனால் அவருடைய சந்தேகம் கூடிற்று. மூன்று ஞாயிற்றுக்கிழமை நடந்த பிறகு சம்மதித்தார், விலையைக் கூட்டித்தான். கிணற்றுப் பாதை போனால் தன் காணியின் தெருப்பக்க முகம் குறைகிறது என்றார். அது நியாயம். அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. தெரியாமல் வாங்கியவர்.

விமலா அக்கா ஒரு பங்கு அனுப்பினார். என் மோட்டார் சைக்கிள் போனது. பாக்கியம் அக்கா மகளின் தோட்டை அடகு வைத்துக் கொண்டுவந்தார். வேண்டாம் என்று சொன்னேன், மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மிஸ்ஸிடம் வேலையை விடுகிறேன் என்று சொன்ன அன்று, அவர் என் மேசை லாச்சியை ஒருக்கா முழுதாகச் சோதித்தார். நான் எதையும் பிரதி எடுத்து வைத்திருக்கிறேனோ என்று. பிறகு என் பையையும் பார்த்தார்.

"நீர் அண்டைக்கு வாசிச்சிருந்தால் இந்த விற்பனை குழம்பியிருக்கும்."

"ஓம் மிஸ்."

"நீர் செய்தது முறைப்படி சரி."

"ஓம் மிஸ்."

அலுமாரியைத் திறந்து ஒரு உறையை எடுத்தார். அந்த விற்பனையில் அவருக்கு வந்த கொமிசன், கால் ஏக்கரின் விலையோடு சேர்க்க. "எனக்கு முன்னால எண்ணும். பிறகு குறைஞ்சது எண்டு கதை வரக்கூடாது." எண்ணினேன். சரியாக இருந்தது. படி இறங்கும்போது இரண்டாம் தரம் கேட்டார், சரியாக இருந்ததா என்று. ஓம் என்றேன். அந்த வருடம் லைசன்ஸைப் புதுப்பிக்கவில்லை. அப்பா இன்னும் அதைச் சுவரிலிருந்து கழற்றவில்லை. திகதி முடிந்தது அவருக்குத் தெரியாது.

கால் ஏக்கர் உறுதி பாக்கியம் அக்காவின் பெயரில் பதிவாகி வந்த அன்று நானே புளியங்குளத்துக்குக் கொண்டுபோனேன். அவர் கிணற்றடியில் நின்றார். ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரையைத் தடவினார்.

"வாசிக்கட்டுமா அக்கா?" என்று கேட்டேன்.

"இருங்க தம்பி" என்றார்.

உறுதியை மூன்று பைக்குள்ளும் போட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் முற்றத்தில் நின்றேன். தேத்தண்ணி இல்லை. சந்தியில் மருந்துக்கடை வைத்திருக்கும் பெண்பிள்ளையிடம் வாசிப்பித்திருக்கிறார். அவளோடு நிறுத்தாமல், தபால்காரரை மறித்து அவரிடமும். திரும்பி வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆயிற்று.

வந்து வாசற்படியில் இருந்தார். "ரெண்டு பேரும் ஒரே மாதிரித்தான் சொன்னாங்க" என்றார். பிறகு எழுந்து அடுப்பை மூட்டப் போனார்.

கேட்டு எழுதும் தம்பிமாருக்கு நான் விட்டுவிடும் விசயம் இதுதான். லைசன்ஸுக்கு அந்த வருடம் என்ன செலவானது என்று எல்லாரும் கேட்கிறார்கள், அதை மறந்துவிட்டேன். அந்தப் பதினொரு வரியை வாசிக்க எனக்கு ஒரு நிமிடம்தான் சென்றது. அதை அன்று வாசிக்காததற்கு, மாஸ்டருக்குக் கொடுத்த விலை, அளவைப் படம், நொத்தாரிசு, முத்திரை எல்லாம் சேர்த்து, விமலா அக்கா, பாக்கியம் அக்கா, மிஸ், நான் நாலு பேரும் கட்டியது ஒன்பது இலட்சத்து முப்பத்தாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.